எந்த ஆலங்குடி?

குடும்பஸ்தர் ஒருவர் இறந்துபோனால் அவரைப் பற்றிச் சொல்ல நம் வீடுகளில் ஒரே ஒரு கதைதான் தயாராக இருக்கிறது. சின்ன வயதில் கஷ்டப்பட்டார். ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டார். தன் ஆசைகளையெல்லாம் அடக்கிக்கொண்டு பிள்ளைகளைக் கரையேற்றினார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலர்களைப் புரட்டிப் பாருங்கள். பெயரும் புகைப்படமும்தான் மாறும். தாலுகா ஆபீஸ் கிளார்க்கும் பஸ் கண்டக்டரும் ஆரம்பப் பள்ளி வாத்தியாரும் அந்தப் பக்கங்களில் ஒரே ஆளாகிவிடுவார்கள். எல்லோரும் மெழுகுவத்தி. என் பெரியப்பாவுக்கும் அப்படி ஒரு மலர் போட்டார்கள். அதில் 'மத்திய அரசுப் பணியில் திறம்படச் சேவையாற்றி' என்று ஒரு வரி இருந்தது. முப்பத்தேழு வருஷ வேலைக்கு அந்த ஒரு வரிதான்.

என்ன வேலை என்று மலரைத் தயாரித்த என் அண்ணனுக்குத் தெரியாமலில்லை. ஆனால் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அவன் நினைத்திருப்பான். பெரியப்பா ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டர். ரயில்வே மெயில் சர்வீஸ். பெயரில் ரயில்வே இருப்பதால் ஊரில் பாதிப் பேர் அவரை ரயில்வேக்காரர் என்றே கடைசிவரை நம்பினார்கள். உறவுக்காரர்கள் காசிக்குப் போகப் பாஸ் வாங்கித் தர முடியுமா என்று கேட்டார்கள். ஆர்.எம்.எஸ். தபால் இலாகாவைச் சேர்ந்தது, பாஸெல்லாம் கிடையாது என்று விளக்கிச் சொல்லிச் சலித்துப்போய், "கோட்டா முடிஞ்சிருச்சு" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

இந்த நாட்டில் ஓடும் ரயிலில் தபால் பிரிக்க ஆரம்பித்தது 1863இல், அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் இடையில். வண்டி எப்படியும் ராத்திரி முழுக்க ஓடத்தான் போகிறது. அந்த நேரத்தில் பைகள் ஏன் சும்மா கிடக்க வேண்டும், உள்ளேயே நாலு பேரை நிற்கவைத்துப் பிரித்துவிட்டால் விடிவதற்குள் கடிதம் அததன் ஊர்ப் பையில் இருக்குமே என்கிற யோசனை. எளிய யோசனைதான். ஆனால் அதைச் செய்ய, ஆடுகிற பெட்டிக்குள் எட்டு ஒன்பது மணி நேரம் நின்றபடி ஆயிரக்கணக்கான விலாசங்களைப் படிக்கத் தெரிந்தவன் வேண்டும். அந்த ஆளாவதற்குப் பெரியப்பாவுக்கு ஒரு முன்கதை இருந்தது.

1942இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். தாத்தாவுக்குச் சொந்த நிலம் கிடையாது; குத்தகை நிலமும் கொல்லையில் கொஞ்சம் தென்னையும். 1952 நவம்பர் கடைசியில் அடித்த புயலில் அந்தத் தென்னை போயிற்று. தஞ்சாவூர் ஜில்லாவில் அந்தத் தலைமுறைக்கு அது 'அம்பத்திரண்டு புயல்'. யாருடைய வயதைக் கேட்டாலும் அதிலிருந்துதான் எண்ணுவார்கள். பெரியப்பாவுக்குப் பத்து வயது. விழுந்த மரங்களின் மட்டையை உரித்து அடுப்புக்கு அடுக்கியதைத்தான் அவர் நினைவில் வைத்திருந்தார். பசியைப் பற்றிப் பேசியதில்லை. பேசாததால் பசி இல்லை என்று ஆகிவிடாது. அதை நம்மிடம் விற்க அவர் விரும்பவில்லை, அவ்வளவுதான்.

கிராமத்திலிருந்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் உண்டு. அவர்களுக்கு வீட்டுப் பெண்கள் கடிதம் எழுத வேண்டுமானால் எழுத்துத் தெரிந்த பையன் ஒருவன் வேண்டும். ஏழாம் வகுப்பிலிருந்தே அந்த வேலை இவருக்கு வந்துவிட்டது. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவதோடு, வந்த கடிதத்தின் பின்பக்கத்தைப் பார்த்து விலாசத்தை எழுத்துப் பிசகாமல் நகல் எடுப்பதும் அவர் பொறுப்பு. சிரம்பான், கிள்ளான், ஈப்போ என்று எங்கேயிருக்கிறதென்றே தெரியாத ஊர்களை எழுதிப் பழகிய கை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு அரிசி மில்லில் கணக்குப்பிள்ளைக்கு எடுபிடியாக இருந்தார். எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுக் காத்திருந்தார். மார்க் நன்றாக இருந்ததால் 1965இல் ஆர்டர் வந்தது. அதற்குச் சில மாதம் முன்னால்தான் டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போயிருந்தது. போட் மெயிலில் சிலோன் தபால் போன நாட்களைப் பற்றிச் சீனியர்கள் பேசிக்கொண்டிருந்த ஒரு ஓய்வறைக்குள் இருபத்து மூன்று வயதுப் பையனாக நுழைந்தார்.

அவர் பெரும்பாலும் போனது மெயின் லைன். திருச்சியில் ஏறினால் தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், சிதம்பரம், கடலூர், விழுப்புரம் என்று எழும்பூர் வரை. மீட்டர் கேஜ். சில மாதங்கள் அரியலூர், விருத்தாசலம் வழியாகப் போகும் கார்டு லைனும் கிடைக்கும். மெயில் வேனுக்குள் உட்கார இடம் என்று தனியாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. சுவர் முழுக்க மரத்தாலான சின்னச் சின்ன அறைகள். அவற்றுக்குக் கீழே ஒடுக்கமாக ஒரு பலகை. எதிரே கொக்கிகளில் வாய் பிளந்து தொங்கும் பைகள். அரக்கும் சணலும் கலந்த ஒரு வாடை. ஹெட் சார்ட்டர் ஒருவர், பதிவுத் தபாலுக்கு ஒருவர், சாதாரணத் தபாலுக்கு மற்றவர்கள், பை தூக்க மெயில்மேன்கள். இந்தக் கூட்டத்துக்கு 'செட்' என்று பெயர். போகும் பயணம் 'அவுட்', திரும்பும் பயணம் 'இன்'. கடிதத்தின் மேல் விழும் முத்திரையிலேயே செக்‌ஷனும் செட்டும் இருக்கும்; தப்பு நடந்தால் எந்த ராத்திரி, எந்தக் கூட்டம் என்று பிடித்துவிடலாம்.

தஞ்சாவூர் பை வண்டிக்குள் வந்தவுடன் பிரித்து, எண்ணிக்கை சரிபார்த்து, கடிதங்களின் முகத்தை ஒரே பக்கமாகத் திருப்பி அடுக்கி, அறைகளில் போட்டு, கும்பகோணத்துக்கு உரியதைக் கட்டி, பையில் திணித்து, சீல் வைத்து, வண்டி நிற்பதற்குள் கதவருகே கொண்டுவர வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவில் நாற்பது கிலோமீட்டர். கும்பகோணத்துப் பை கும்பகோணத்தில் இறங்காமல் போனால் அதில் இருக்கும் சாவுச் செய்தியும் இன்டர்வியூ கார்டும் விழுப்புரம் போய்த் திரும்பும். இதற்கிடையில் பிளாட்பாரத்தில் யாராவது ஓடிவந்து, லேட் ஃபீ ஸ்டாம்பு கூடுதலாக ஒட்டிய கடிதத்தை வேனின் பக்கவாட்டுத் துவாரத்தில் போடுவார்கள். அதுவும் அந்த நிமிஷமே வரிசையில் சேர வேண்டும்.

கடிதத்தைப் பிரிப்பவன் விலாசத்தை மேலிருந்து படிப்பதில்லை. கீழ் வரியில் ஆரம்பித்து மேலே போவான். ஜில்லா, தாலுகா, வழி, அஞ்சல். பேரைப் பார்ப்பதேயில்லை. இடது கையில் ஒரு கட்டு. கட்டை விரல் ஒவ்வொன்றாக மேலே தள்ளும். வலது கை எடுத்து வீசும். கண் அடுத்த கடிதத்துக்குப் போனபிறகுதான் முந்தையது அறைக்குள் விழும். கை அறையைத் தேடக் கூடாது; தேடினால் அவன் இன்னும் கற்றுக்குட்டி.

இதை நான் பார்த்தது ரயிலில் அல்ல, அக்கா கல்யாணத்தின்போது. பத்திரிகைகளுக்கு விலாசம் எழுதி முடித்துக் கூடத்தில் குவித்திருந்தோம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு கட்டை எடுத்தார். பேசிக்கொண்டே தரையில் வீச ஆரம்பித்தார். சிமென்ட் தரையில் கோடு எதுவும் இல்லை; ஆனால் ஒவ்வொரு கவரும் அதற்கென்று இருந்த இடத்தில் போய் விழுந்தது. நடுவில் ஒன்றை மட்டும் என்னிடம் நீட்டினார்.

"ஆலங்குடின்னு மட்டும் எழுதியிருக்க. எந்த ஆலங்குடிடா?"

"குரு கோயில் ஆலங்குடி, பெரியப்பா."

"அப்ப வலங்கைமான் தாலுகான்னு போடு. இல்லாட்டி புதுக்கோட்டை ஆலங்குடிக்குப் போயிட்டு ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பும். ராத்திரி ரெண்டு மணிக்கு நின்னுகிட்டுப் படிக்கிறான். அவனைக் கொஞ்சம் நெனச்சுப் பாரு."

அந்த 'அவன்' யாரென்று எனக்குப் புரிய நேரமாயிற்று. அன்றைக்குப் பாபநாசத்தையும் சொன்னார். தஞ்சாவூரில் ஒன்று, திருநெல்வேலியில் ஒன்று. ஜில்லா எழுதாமல் வருகிற கடிதத்தில் மின்சார வாரியக் குடியிருப்பு என்று ஒரு சொல் இருந்தால் அது அணைப் பக்கம், நெல்லை. ராஜகிரி, பண்டாரவாடை என்று கண்ணில் பட்டால் தஞ்சாவூர். ஒன்றுமே இல்லையா? எந்த ஊரில் போட்டிருக்கிறார்கள் என்று முத்திரையைப் பார்க்க வேண்டும். அதுவும் அழிந்திருந்தால்? "எழுத்தைப் பார்த்தாத் தெரியும்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்கு மட்டும் அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கொல்லனும் தச்சனும் தங்கள் வேலையில் இந்த இடத்துக்கு வரும்போது நாம் அதைக் கலை என்கிறோம். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் வந்தால் அதற்கு நம்மிடம் பெயரே இல்லை.

1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. அதை வடிவமைத்த ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர் தபால் இலாகா அதிகாரி, சமஸ்கிருதக் கவிஞரும்கூட. முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்தால் எந்த சார்ட்டிங் மாவட்டம் என்று தெரிந்துவிடும். ஒரு ஆலங்குடி 612, மற்றது 622. ஒரு பாபநாசம் 614, மற்றது 627. பெரியப்பாவைப் போன்றவர்கள் தலைக்குள் வைத்திருந்த வரைபடம் ஆறு இலக்கமாக வெளியே வந்தது; இனி அதைப் படிக்க இலக்கம் தெரிந்தால் போதும். அவருக்கு இதில் வருத்தமா என்று கேட்டிருக்கிறேன். "வருத்தம் என்ன, எழுதினாத்தானே!" என்றார். உண்மைதான். பல வருஷங்களுக்கு ஜனங்கள் பின்கோடு எழுதவில்லை. அதற்கென்று போட்ட கட்டங்கள் காலியாகவே போயின. சார்ட்டரின் தலைதான் இலாகாவைக் காப்பாற்றியது.

இலக்கிய வாசகருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1959இல் தொடங்கிய 'எழுத்து', பிறகு 'தீபம்', 'கசடதபற' போன்ற இலக்கியப் பத்திரிகைகளெல்லாம் சென்னையிலிருந்து கிளம்பி ஊர் ஊராகச் சேர்ந்தது இந்த வேன்களில்தான். நம் இலக்கிய வரலாறுகளில் ஆசிரியர் உண்டு, அச்சகம் உண்டு, சந்தாதாரரின் கஞ்சத்தனம்கூட உண்டு. ராத்திரியில் நின்று பிரித்தவனுக்கு அடிக்குறிப்பில்கூட இடம் இல்லை. பெரியப்பா இவற்றில் ஒன்றையும் படித்தவரில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எந்தெந்தச் சின்ன ஊருக்கு எவ்வளவு மெல்லிய பத்திரிகை போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சம்பளக் கதையில் புதிதாக ஒன்றும் இல்லை. மூன்றாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு 260-480 ஸ்கேல். பதினாறு வருஷம் முடித்தவர்களுக்கு ஒரு பதவி உயர்வு என்று 1983இல் ஒரு திட்டம் வந்து அதில் ஏறினார். தீபாவளிக்குப் பண்டிகை அட்வான்ஸ், பெண் கல்யாணத்துக்கு ஜி.பி.எஃப். வெளியூரில் தங்குவதற்கு ஒரு சின்ன அலவன்ஸ். அதில் மிச்சம் பிடித்து எங்களுக்குக் கும்பகோணம் வெற்றிலையோ கடலூர் பலாவோ வரும். அக்கம்பக்கத்தில் நாலு மத்திய அரசு ஊழியர் இருந்தால் நாலு பேருக்கும் இதே கதைதான்.

ஆனால் 1968 செப்டம்பர் 19 எல்லோருக்கும் ஒரே மாதிரி அமையவில்லை. தேவைக்கேற்ற குறைந்தபட்சச் சம்பளம் கேட்டு மத்திய அரசு ஊழியர்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தில்லி அதற்கு முன்பே அவசரச் சட்டம் போட்டிருந்தது. கைதுகள் நடந்தன, தற்காலிக ஊழியர்கள் ஏராளமானோர் வேலையிழந்தார்கள். பெரியப்பா அப்போது தற்காலிகம்தான். வேலைக்கு வரமாட்டேன் என்று நின்றவர்களில் அவரும் ஒருவர். திரும்ப எடுத்துக்கொள்ளப்படும்வரை மறுபடியும் அதே அரிசி மில்லில் மூட்டைக் கணக்கு எழுதினார். "கையில வந்த சோத்த எட்டி ஒதச்சுட்டான்" என்று தாத்தா தெருவில் நின்று கத்தினாராம். இதை எனக்குச் சொன்னது அத்தை. பெரியப்பா தன் பிள்ளைகளிடம் சொன்னதேயில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்தாலும் நினைவு மலரில் போட்டிருப்பார்களா என்பது சந்தேகம். குடும்பத்துக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவர் என்று எழுதிய பக்கத்தில், பொறுக்க முடியாது என்று ஒருநாள் வெளியே வந்து நின்றவருக்கு இடம் ஏது?

பெரியம்மாவின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவருக்கு 1970இல் 'சென்ட்ரல் கவர்மென்ட் மாப்பிள்ளை' என்று சொல்லித்தான் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். வந்து பார்த்தால் மாப்பிள்ளை பகலில் தூங்குகிறார். கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு. பிள்ளைகள் சத்தம் போடக் கூடாது, அம்மியில் அரைக்கக் கூடாது, கதவைத் தட்டும் காய்கறிக்காரியை வாசலிலேயே மடக்கி அனுப்ப வேண்டும். காலண்டரில் அவுட், இன், ஆஃப் என்று குறித்து வைத்துக்கொண்டு அதன்படி வீட்டை ஓட்டினார். காய்ச்சல், பரீட்சை, பாம்பு, பிரசவம் எல்லாம் அவுட் நாளிலேயே வரும் என்பது அவருடைய கட்சி. "அவருக்கு வீடு ரயில்லதான். இங்க விருந்தாளி" என்று எங்கள் எதிரிலேயே சொல்வார். பெரியப்பா மறுத்ததில்லை. அவர் வேலைக்கான செலவில் ஒரு பாதியைப் பெரியம்மா கொடுத்தார்; அதற்குச் சம்பளமும் இல்லை, அந்த ஒரு வரியும் இல்லை. அவருடைய நினைவு மலரில் 'இல்லத்தரசி' என்று இருந்தது.

சுகமான வேலை என்று நான் சொல்ல வரவில்லை. நின்று நின்று கெண்டைக்கால் நரம்புகள் சுருண்டு நீலமாகப் புடைத்திருந்தன. பொங்கல் சமயத்தில் வாழ்த்து அட்டைகள் மூட்டை மூட்டையாக ஏறும்போது செட்டில் எல்லோரும் சண்டைக்காரர்கள் ஆகிவிடுவார்கள். ரிட்டயர் ஆன பிறகும் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். இதெல்லாம் உண்மை. இவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து 'எங்களுக்காக' என்று ஒரு நூலில் கோத்துவிடும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்தக் கதையில் அவர் வாழ்க்கையின் பொருள் நாம்தான். அவர் நின்றது நமக்காக, விழித்தது நமக்காக, கால் வீங்கியது நமக்காக. அவருக்கென்று அந்த வண்டிக்குள் ஒரு ராத்திரி இருந்தது, அதில் அவர் கெட்டிக்காரராக இருந்தார், கூட நின்றவர்கள் அதை ஒப்புக்கொண்டார்கள், அந்த ஒப்புதல் அவருக்கு இனித்தது என்றால் நம் கடன்பட்ட முகத்துக்குக் கொஞ்சம் வேலை குறைந்துபோகிறது. தியாகம் என்று சொல்லிவிட்டால் நன்றி சொல்லித் தீர்த்துவிடலாம். ஒருவர் தன் வேலையை விரும்பினார் என்றால், அந்த வேலை என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

அவர் விரும்பினார் என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. எண்பதுகளில் ஓடும் வண்டியில் தபால் பிரிப்பதை இலாகா படிப்படியாக நிறுத்தியது. பைகள் மட்டும் ரயிலில் போகும். பிரிப்பதெல்லாம் ஊரில், கட்டடத்துக்குள். 1986இல் ஸ்பீடு போஸ்ட் வேறு வந்தது. பெரியப்பாவுக்கு ஃபேன் உள்ள அறை, ஸ்டூல், குடிக்கத் தண்ணீர், வீட்டுக்குப் பக்கத்தில் ஷிஃப்ட் எல்லாம் கிடைத்தன. பெரியம்மா கோயிலுக்கு நேர்ந்துகொண்டது பலித்ததென்று பால் குடம் எடுத்தார். ஒரு மாதம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தவரிடம் என் அப்பா, "இனிமே நிம்மதிதானே அண்ணே?" என்று கேட்டார். பெரியப்பா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வண்டி ஆடலன்னா கை ஓட மாட்டேங்குதுடா."

கஷ்டப்பட்டவர் இப்படிப் பேச மாட்டார் என்று நான் சொல்லவில்லை. கஷ்டப்பட்டவரும் பேசுவார். ஆனால் மெழுகுவத்தி பேசாது.

1998இல் ஓய்வு வயதை அறுபதாக்கினார்கள். அதில் கிடைத்த இரண்டு வருஷத்தையும் சேர்த்து வேலை பார்த்து 2002இல் ரிட்டயர் ஆனார். தந்திச் சேவை 2013இல் மூடப்பட்டபோது செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதின, ஜனங்கள் வரிசையில் நின்று கடைசித் தந்தி அனுப்பினார்கள். ஓடும் வண்டியில் தபால் பிரித்தது நின்றபோது அப்படி யாரும் வரிசையில் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே இருந்த யாரும் பார்த்ததில்லையே.

வேனில் கடைசியாக ஏறிய இளைஞர்களுக்கே இப்போது அறுபது தாண்டிவிட்டது. திருச்சியிலும் விழுப்புரத்திலும் மதுரையிலும் ஈரோட்டிலும் இருப்பார்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு, பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக்கொண்டு. உங்கள் தெருவில் ஒருவர் இருந்தால் போய்ப் பேசுங்கள், பேசுவதை எழுதியோ பதிந்தோ வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்காக எவ்வளவு பாடுபட்டீர்கள் என்று ஆரம்பிக்காதீர்கள். அதற்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். எந்த செக்‌ஷன், எந்த செட், கூட யார் யார் நின்றார்கள் என்று கேளுங்கள்.